வாசிக்க வேண்டாம் என்று நான் சொன்ன கடிதங்கள்

சட்ட உதவி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். வாடகைச் சட்டத்தின் பிரிவுகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் படித்த புத்தகங்களில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. அதனால் சட்டம் பேசப்போவதில்லை. இருபத்தாறு வயதில் நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். அந்த வழக்கில் நான் வென்றேன். வென்ற பிறகுதான் எவ்வளவு பெரிய பிழை விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

பழைய வழக்குகள் எனக்கு இலக்கங்களாக ஞாபகம் வருவதில்லை. சில மணமாக வரும், சில வெளிச்சமாக வரும். நான் சொல்லப்போகிற நீர்வேலி வழக்கு வாழைத் தோட்டத்துக்குள் விழுகிற வெளிச்சமாக வரும். பச்சையாக, மெல்ல அசைந்துகொண்டு, தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போல. அந்த வருடங்களை நினைத்தால் உண்மையில் நடந்ததா அல்லது நான் கண்ட கனவா என்று சில வேளை ஐயம் வருகிறது. ஆனால் அந்த மனிதர்கள் சொன்ன சொற்கள் மட்டும் அப்படியே காதில் நிற்கின்றன.

அது எண்பத்து நாலாம் ஆண்டு. எங்கள் சட்ட உதவி அலுவலகம் யாழ்ப்பாண நகரத்தில், ஒரு பழைய வீட்டின் இரண்டு அறைகள். யன்னலைத் திறந்தால் கடலேரிக் காற்றில் கடதாசி எல்லாம் பறக்கும், மூடினால் வேர்த்து ஊற்றும். வாடகை வீட்டிலிருந்து எழுப்பப்படுகிற, வழக்காட வசதியில்லாத ஆட்களுக்கென்று அரசாங்கம் ஒரு சிறு தொகை ஒதுக்கியிருந்தது. என் சம்பளமும் முத்திரைச் செலவும் அதிலிருந்துதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை வழக்கு வென்றோம், எத்தனை தோற்றோம் என்ற இரண்டையும்தான் அவர்கள் கேட்டார்கள். நானும் வெல்வதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு மாரி மழை தொடங்கியபோது ஒரு நாள் மனோன்மணி அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஓய்வுபெற்ற மருத்துவிச்சி, கணவர் இல்லை. நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஓட்டு வீட்டில் பதினொரு வருடமாக வாடகைக்கு இருந்தார். ஓய்வுபெற்றாலும் வேலை ஓய்வு கொடுக்கவில்லை. ஊரடங்கு என்றால் பெரியாஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அவருடைய வாசல் படலையைத்தான் தட்டுவார்கள்.

வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டு அறிவித்தல் அனுப்பியிருந்தார். அதை என் மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு வேறை வீடு கிடைக்கும் பிள்ளை. ஆனா என்னைத் தேடி வாறவைக்கு இந்தப் படலையைத்தானே தெரியும்? நோவோடை வாறவள் எங்கை போய் என்னைத் தேடுவாள்?" என்றார்.

அறிவித்தலை வாசித்ததும் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. சட்டம் கேட்ட கால அவகாசம் அதில் இல்லை. வீட்டுக்காரர் யாரோ ஒருவரைக் கேட்டு அவசரமாக எழுதியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு அவர் வழக்குப் போட்டால், நாங்கள் வாயைத் திறக்காமலே வெல்லலாம்.

"அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம். நான் சொல்லுறதை மட்டும் கேளுங்கோ. அந்தாளோடை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. வந்தால் படலையைத் திறக்கக் கூடாது. கடிதம் தந்தால் வாங்கவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. என்னெண்டாலும் எனக்கூடாகத்தான்."

"கதைச்சால் என்ன பிள்ளை?"

"நீங்கள் இரக்கப்பட்டு ஒரு சொல்லு சொல்லுவியள். அதையே பிடிச்சுக்கொண்டு நீதிமன்றத்திலை வந்து நிப்பார்."

அவர் தலையசைத்தார். பிள்ளைப்பேற்றில் தான் சொல்வதை மற்றவர்கள் அப்படியே கேட்க வேண்டும் என்று பழகியவர். அதனால் நான் சொன்னதையும் அப்படியே கேட்டார்.

வீட்டுக்காரரை முதன்முதலில் நீதிமன்ற விறாந்தையில் கண்டேன். நல்லதம்பி என்று பெயர். கொழும்பில் ஒரு கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். எண்பத்து மூன்று ஆடியில் அங்கே அவருடைய வீடு எரிந்துபோனது. மனைவியோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவர். நீர்வேலி வீடு அவருடைய தாய்வழிச் சொத்து. அதில் வாடகைக்கு ஆள் இருந்ததால், இணுவிலில் மனைவியின் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையை மறைத்துக்கொண்டு இருவரும் இருந்தார்கள். இவ்வளவும் எனக்கு அன்றைக்கே தெரியும். வழக்குக் கோப்பில் இருந்தது. கோப்பில் இருப்பதை வாசிப்பதும் விளங்கிக்கொள்வதும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியாது.

அவர் என்னிடம் நேரே வந்தார். சேர்ட்டின் பைக்குள் இரண்டு பேனைகள் இருந்தன.

"நீங்கள்தானோ அரசாங்கம் வைச்ச சட்டத்தரணி?"

"ஓம்."

"முப்பது வருசம் நானும் வரி கட்டினனான் பிள்ளை. அந்தக் காசிலை என்னை எதிர்த்து வழக்காடுறியள். ஆடுங்கோ, பிழையெண்டு சொல்லேல்லை. ஆனா வீடு இல்லாத ஆளுக்குத்தான் உந்த உதவியெண்டால், இஞ்சை வீடு இல்லாத ஆள் ஆர்?"

எதிர்த்தரப்போடு கதைக்கக் கூடாது என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். நகர்ந்ததை நினைத்து அன்று முழுவதும் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. ஒரு தவணைக்கு ஊரடங்கு. இன்னொரு தவணைக்கு நீதிபதி வரவில்லை. அடுத்ததற்கு கடையடைப்பு. தவணைக்குத் தவணை இடையில் நாட்கள் மிதந்துபோயின. மழை பெய்தது, விட்டது, பனி கொட்டியது. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கும்போது தட்டச்சு நின்று, பிறகு தொடரும். ஏதோ ஒரு பெரிய நித்திரைக்குள் எல்லோரும் நடமாடிக்கொண்டிருந்தது போலத்தான் எனக்கு அந்தக் காலம் நினைவிருக்கிறது.

நீதிமன்றக் கட்டளைகளைச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற அண்ணை ஒருவர் இருந்தார். வலிகாமத்தில் அவருக்குத் தெரியாத ஒழுங்கை இல்லை. ஒரு நாள் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"பிள்ளை, உங்கடை நீர்வேலி வீட்டுப் படலையடியிலை நல்லதம்பி நிக்கிறதை மூண்டு தரம் கண்டிட்டன். சத்தம் போடுறதும் இல்லை, தட்டுறதும் இல்லை. சும்மா நிண்டு பாத்திட்டுப் போறார்."

"எந்தெந்தத் திகதியெண்டு சொல்லுவியளோ அண்ணை? தொந்தரவு குடுக்கிறார் எண்டு ஒரு சத்தியக்கடதாசி போடலாம்."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "தொந்தரவு குடுக்கிற ஆள் மாதிரித் தெரியேல்லை எண்டு சொல்லத்தான் வந்தனான்," என்றார். திகதிகளைச் சொல்லாமலே போய்விட்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. அவர் சொன்னதை விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்திருந்தால், பின்னால் வந்த பாதித் துன்பம் வந்திராது.

எண்பத்தாறு தையில் தீர்ப்பு வந்தது. அறிவித்தல் பிழை, வழக்குத் தள்ளுபடி. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. விறாந்தையில் மனோன்மணி அம்மா என் கையைப் பிடித்தார்.

"வெண்டிட்டமோ?"

"ஓம் அம்மா. இனிப் பயமில்லை."

"அப்ப அவை இனி எங்கை போவினம்?"

நல்லதம்பியும் மனைவியும் எதிரே பஸ் தரிப்பிடத்தில் நின்றார்கள். மனைவி மெலிந்த, உயரமான பெண். ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார்.

"அது எங்கடை வேலை இல்லை அம்மா," என்றேன்.

இந்தச் சொல்லை நீங்களும் ஒரு நாள் சொல்வீர்கள். எல்லா நாளிலும் அது பிழையாக இருக்காது. அன்றைக்குப் பிழையாக இருந்தது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கடையடைப்பு, பஸ் இல்லை. கட்டளை கொண்டுபோகிற அந்த அண்ணை கோப்பாயில் என் வீட்டுக்கே வந்தார். நல்லதம்பி நீர்வேலி வீட்டை விற்கப்போகிறார், திங்கட்கிழமை விற்பனை உறுதி எழுதுகிறார்கள் என்றார். வாங்குகிறவர் ஒரு வியாபாரி. இருக்கிற ஆட்களை எழுப்ப அவர் நீதிமன்றம் போவதில்லை. திருத்த வேலை என்று சொல்லி ஓட்டைக் கழற்றிவிடுவார். மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நீர்வேலிக்கு ஓடினேன். மனோன்மணி அம்மா குசினியில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு தகர பிஸ்கற் பேணியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"பிள்ளை, கோவிக்கக் கூடாது. வாங்க வேண்டாம் எண்டனீங்கள். நான் கை நீட்டி வாங்கேல்லை. அவர் படலைக்கு மேலாலை போட்டிட்டுப் போவார். மழையிலை நனையுதெண்டு எடுத்தனான். எறிய மனம் வரேல்லை."

உள்ளே ஏழு கடிதங்கள் இருந்தன. ஒன்றும் திறக்கப்படவில்லை.

"வாசிக்கேல்லையோ அம்மா?"

"நீங்கள்தானே வாசிக்க வேண்டாம் எண்டனீங்கள்."

முதலாவதைத் திறந்தேன். வழக்குப் பதிவாவதற்கு இரண்டு மாதம் முந்திய கடிதம். கந்தோர் எழுத்து, ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை. முழு வீடும் தனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தார். மேற்குப் பக்க அறையும் அதை ஒட்டித் தாழ்வாரமாக இருக்கும் பத்தியும் போதும். முன்பக்கமும் படலையும் அம்மாவுடையதாகவே இருக்கட்டும், அம்மாவைத் தேடி வருகிறவர்களுக்குத் தாங்கள் இடைஞ்சலாக இருக்க மாட்டோம். கடைசியில் ஒரு வரி: 'பிறர் வீடு என்பதால் என் மனைவி காய்ச்சல் வந்தாலும் பகலில் படுக்கக் கூச்சப்படுகிறாள்.'

இரண்டாவதிலும் அதேதான், இன்னும் பணிவாக. மூன்றாவதில் பதில் இல்லாத வருத்தம் இருந்தது. ஐந்தாவதில் கோபம். ஏழாவதில் இரண்டே வரி: 'இனி எழுத மாட்டேன். வீட்டை விற்கிறேன்.'

வாழையிலைகளுக்குள்ளால் வந்த வெளிச்சம் யன்னலில் ஆடிக்கொண்டிருந்தது. நான் படித்த படிப்பும், வென்ற வழக்கும், கொழும்புக்கு அனுப்பிய அறிக்கையும் அந்த வெளிச்சத்தில் எங்கோ தூரத்தில் மிதப்பது போல இருந்தன. ஒரு வருடத்துக்கு மேலாக இந்த மனிதர் கேட்டது ஒரு அறை. நான் அதைக் கேட்கவிடாமல் தடுத்திருந்தேன், அதுவும் அரசாங்கக் காசில்.

அப்போது எனக்கு இரண்டு வழி இருந்தது. திங்கட்கிழமை விற்பனையை நிறுத்த ஒரு தடை உத்தரவுக்கு மனு எழுதலாம். அது எனக்குப் பழகிய வழி. மற்றது, இணுவிலுக்குப் போய் அந்த மனிதரின் முன்னால் நிற்பது. மனு என்றால் என் பிழை யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

மனோன்மணி அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "நடவுங்கோ," என்றார்.

சைக்கிளின் பின்னால் இருந்துவர அவருடைய இடுப்பு இடம் கொடாது. நான் சைக்கிளை உருட்ட, அவர் பக்கத்தில் நடந்தார். உரும்பிராய் ஊடாக இணுவிலுக்கு மூன்று மைலுக்குக் குறையாது. கடையடைப்பு என்பதால் தெருவில் ஒரு வாகனமும் இல்லை. சைக்கிள் சங்கிலியின் டிக் டிக் மட்டும் எங்களோடு வந்தது. சிவந்த மண், புகையிலைத் தோட்டத்துப் பச்சை, எங்கோ ஒரு கிணற்றில் இயந்திரம் இறைக்கிற ஓசை. வீடுகளுக்குள் எல்லோரும் உறங்கிவிட்டது போல ஊர் கிடந்தது. இடைக்கிடை அம்மா ஒரு படலையைக் காட்டுவார். "உதிலை ரெட்டைப் பிள்ளையள். அங்காலை, அந்தப் பூவரசு நிக்கிற வீடு, கால் முதல் வந்த பிள்ளை. இப்ப பள்ளிக்கூடம் போறான்." அவர் ஒழுங்கைகளைப் பிள்ளைகளை வைத்துத்தான் அறிந்திருந்தார். எனக்கு அந்த நடை முடியாமல் இருந்தால் நல்லது என்று இருந்தது. முடிவில் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

இணுவில் வீட்டுப் படலை பூட்டியிருந்தது. நல்லதம்பி விறாந்தையில் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டும் எழும்பவில்லை.

"என்னெண்டாலும் என்ரை சட்டத்தரணிக்கூடாகக் கதையுங்கோ."

அவருக்குச் சட்டத்தரணி இல்லை என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

"ஐயா, ஒரு பத்து நிமிசம்," என்றேன்.

"வருசக்கணக்கா நான் படலைக்கு வெளியிலை நிண்டனான். நீங்கள் பத்து நிமிசம் நில்லுங்கோ. செத்துப்போக மாட்டியள்."

வெயில் ஏறிவிட்டது. மனோன்மணி அம்மா படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, நீங்கள் போட்ட கடிதம் ஒண்டும் நான் வாசிக்கேல்லை. இண்டைக்குக் காலமைதான் வாசிச்சது. வாசிச்சிருந்தால் அண்டைக்கே திறந்திருப்பன்."

"வாசிக்கேல்லையோ? ஏழு கடிதம் அம்மா. ஒவ்வொரு சொல்லாப் பாத்துப் பாத்து எழுதினனான். ஏன் வாசிக்கேல்லை?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் தலையைக் குனிந்து நின்றார். அந்தக் குனிவைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"நான்தான் வாசிக்க வேண்டாம் எண்டனான் ஐயா. படலையைத் திறக்க வேண்டாம் எண்டதும் நான்தான். அம்மா கதைச்சால் என்ன எண்டு கேட்டவ. நான் விடேல்லை. பிழை என்ரை."

அவர் எழுந்து வந்தார். படலைக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். அதற்குள் அவருடைய மனைவி திறப்போடு வந்துவிட்டார். கணவரைக் கேட்காமலே பூட்டைத் திறந்தார்.

"வாங்கோ அக்கா," என்று மனோன்மணி அம்மாவின் கையைப் பிடித்தார். "வெயிலுக்குள்ளாலை நடந்தே வந்தனீங்கள்? முதல்லை தண்ணியைக் குடியுங்கோ."

விறாந்தையில் ஒரு பழைய சேலையால் மறைத்த மூலை. அதற்குள் ஒரு பாயும் ஒரு துணிப்பையும். அதுதான் அவர்களுடைய வீடு. கதைத்து முடிய இரண்டு மணித்தியாலம் ஆனது. நல்லதம்பி எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அறை, பத்தி, கிணற்றுக்குப் போகிற வழி, படலை. ஒவ்வொரு வரிக்கும் அம்மா, "ஓம், உது சரி," என்றார். கையெழுத்துப் போடும்போது மட்டும் நல்லதம்பி என்னிடம், "இண்டைக்கு ஆருக்காகப் பிள்ளை வந்தனீங்கள்?" என்று கேட்டார். நான் கடதாசியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை உறுதி எழுதப்படவில்லை.

பத்தியைக் குசினியாக்க ஒரு சுவரும் தென்னோலைக் கிடுகுக் கூரையும் வேண்டியிருந்தது. இரு தரப்பிடமும் வழியில்லை. வழக்குச் செலவுக்கென்று எங்களிடம் இருந்த ஒதுக்கீட்டில் அதைச் செய்துவிட்டு, கொழும்புக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். இது வழக்குச் செலவா என்று கேட்டு வந்தது. இன்னொரு வழக்கு வராமல் தடுத்த செலவு என்று பதில் போட்டேன். இந்த முறை ஏற்றுக்கொள்கிறோம், இனி முன்கூட்டியே கேட்கவும் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு நான் முன்கூட்டியே கேட்டேன். பல தடவை மறுத்தார்கள், சில தடவை தந்தார்கள். அந்தப் பணம் நாங்கள் வெல்வதற்காக வருவதில்லை, ஒரு ஆள் தன் கூரைக்குக் கீழே தொடர்ந்து இருப்பதற்காக வருகிறது என்பதை அந்தச் சுவரில்தான் படித்தேன். அன்றிலிருந்து புதிதாக வந்த எவரிடமும், எதிராளி என்ன கேட்கிறார் என்று முதலில் நாங்களே போய்க் கேட்போம் என்றுதான் சொல்வேன். சில வேளை அவர் கேட்பது முழு வீடாகத்தான் இருக்கும். அப்போது வழக்காடலாம்.

அதன்பின் பத்து வருடம். எத்தனையோ வந்தன, போயின. நீதிமன்றங்களே பூட்டப்பட்டன. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனேன். தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற பேச்சு ஒரே நாளில் இல்லாமல் போனது.

சாவகச்சேரிப் பக்கம், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், எங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டு வகுப்பறை வகுப்பறையாகப் போனேன். மழை விட்டு வெயில் எறித்த காலை நேரம். ஒரு அறை வாசலில் நீலச் சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. அதன் ஒரு நுனியைத் தூக்கிப் பிடித்தபடி, தலை முழுவதும் நரைத்த ஒருவர் காவல் நின்றார். நல்லதம்பி. இத்தனை வருடம் கழித்தும் என்னை உடனே மட்டுக்கட்டிவிட்டார்.

"உள்ளை வராதேங்கோ பிள்ளை. ஒரு பிள்ளைப்பேறு. அக்கா வேலையா நிக்கிறா. என்ரை மனிசி வெந்நீர் வைக்கிறா."

விறாந்தை நெடுகப் பெட்டிகளும் பாய்களும் பாத்திரங்களுமாகச் சனம் இருந்தது. "இந்தச் சனம்?" என்று கேட்டேன்.

"இந்த அறையிலை இருந்தவைதான். நாலு குடும்பம். அக்காவுக்கு இடம் வேணுமெண்டு விடியக் காலமை நான்தான் எழுப்பினனான்." அவர் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் சிரிப்பு மெல்ல வந்தது. "அறிவித்தல் ஒண்டும் குடுக்கேல்லை. வழக்குப் போடுவியளோ?"

உள்ளே மனோன்மணி அம்மாவின் குரல் கேட்டது. யாரையோ மூச்சு விடச் சொல்லிக்கொண்டிருந்தார், அவசரம் இல்லாத குரலில். காற்று அடித்துத் திரை விலகியது. நல்லதம்பிக்குக் கை நோகிறது என்று தெரிந்தது. நான் போய்ச் சேலையின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டேன்.